குடோன் போனையும் டேலியையும் இணைக்கும் முன்

வேலூர் மண்டித் தெருவிலோ லாங் பஜாரிலோ மொத்த வியாபாரம் செய்கிற ஒரு கடையில் ஏதாவது ஒரு சரக்கின் இருப்பைக் கேட்டுப் பாருங்கள். முன்னால் உட்கார்ந்து பில் போடுபவர் கணினியைப் பார்த்து ஓர் எண் சொல்வார். பின்னால் குடோனில் நிற்பவர் வேறோர் எண் சொல்வார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. காலையில் வந்த லாரியின் சரக்கு இறங்கி அட்டி போட்டாயிற்று, ஆனால் பர்ச்சேஸ் பில் இன்னும் டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏறவில்லை. நேற்று பில் போட்ட சரக்கு கட்டி வாசலில் கிடக்கிறது, வண்டி வரவில்லை. கணக்கில் அது விற்றுப்போன சரக்கு, குடோனில் அது இன்னும் இருக்கிற சரக்கு.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் கைபேசியில் ஓடும் குடோன் மென்பொருள்கள் வந்திருக்கின்றன. ஆண்ட்ராய்டு போனின் கேமராவோ, துப்பாக்கிபோல் பிடி வைத்த ஸ்கேனரோ பார்கோடைப் படிக்கும். சரக்கு உள்ளே வரும்போது ஒரு தடவை, ரேக்கில் வைக்கும்போது ஒரு தடவை, எடுக்கும்போது ஒரு தடவை, வண்டியில் ஏற்றும்போது ஒரு தடவை. யார் எடுத்தார், எத்தனை மணிக்கு எடுத்தார், எந்த ரேக்கில் இருந்து எடுத்தார் என்பதெல்லாம் பதிவாகிவிடும். கம்பெனி சரக்கில் 890 என்று தொடங்கும் பார்கோடு ஏற்கெனவே அச்சாகி இருக்கும். தோல் கட்டுக்கும் அரிசி மூட்டைக்கும் அப்படி எதுவும் கிடையாது, அதற்கு நாமே லேபிள் அடித்து ஒட்ட வேண்டும்.

விற்க வருபவர் கடைசியில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: ‘சார், டேலியோடு இணைத்துவிடலாம், ஒரே நாள் வேலை.’ கம்பி இழுப்பது ஒரு நாள் வேலை என்பது உண்மைதான். எந்தத் தகவல் குடோனில் பிறக்க வேண்டும், எது கணக்கு மேஜையில் பிறக்க வேண்டும் என்று முடிவு செய்வது ஒரு நாள் வேலையே அல்ல. அதை முடிவு செய்யாமல் இணைத்தால், முன்பு இரண்டு இடத்தில் தனித்தனியாக இருந்த தவறு இப்போது ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்குத் தானாகவே போய்ச் சேரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டின் குணமும் வேறு

குடோன் மென்பொருளுக்குப் பணம் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண்ணிக்கை, இடம், பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி), நேரம். கணக்கு மென்பொருளுக்கு இடம் முக்கியமில்லை; அது கேட்பது மதிப்பு, வரி, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது. ஆகவே எண்ணிக்கை குடோனில் பிறக்கட்டும், விலையும் வரியும் கணக்கில் பிறக்கட்டும். ஒரே தகவலை இரண்டு பக்கமும் திருத்தலாம் என்று அனுமதி கொடுத்த நாளில் இருந்து வம்பு ஆரம்பம். குடோனில் இருப்பவர் விலையை மாற்றக் கூடாது. கணக்குப் பார்ப்பவர் டேலியில் நேரடியாக இருப்பைத் ‘சரிசெய்ய’வும் கூடாது. முதல் விதியை எல்லோரும் உடனே ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவதைத்தான் யாரும் ஒப்புக்கொள்வதில்லை, மாதக் கடைசியில் இருப்பு ஒத்துவராவிட்டால் ஒரு ஸ்டாக் ஜர்னல் (இருப்பை மட்டும் மாற்றும் பதிவு) போட்டு முடிப்பது இங்கே பழகிப்போன வழக்கம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டேலியிலேயே குடோன் என்ற பெயரில் இடங்களைப் பிரித்து வைக்கலாம், பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் வைக்கலாம். ஒரே குடோன், சில நூறு சரக்கு, இரண்டு ஆட்கள் என்று இருக்கிற கடைக்கு அதுவே தாராளம். தனியாகக் குடோன் மென்பொருள் வாங்கி, மாதாமாதம் பணம் கட்டி, இணைப்புக்கு வேறு செலவு செய்வது வீண். ஒரே சரக்கு பல ரேக்கில் சிதறிக் கிடக்கிறது, எடுப்பதற்குள் தேடுவதிலேயே நேரம் போகிறது, பேட்ச் மாறிப் போய்த் திரும்பி வருகிறது என்ற நிலை வந்த பிறகு யோசித்தால் போதும். சிஎம்சி மருத்துவமனை இருக்கிற ஊரில் மருந்து மொத்தக் கடைகளுக்கு அந்த நிலை சீக்கிரமே வந்துவிடும். முதலில் காலாவதியாகும் பேட்ச் முதலில் வெளியே போக வேண்டும் என்பதை ஆளின் ஞாபகத்துக்கு விட முடியாது.

பெயரும் அளவும்

இணைப்பு உடைகிற முதல் இடம் சரக்கின் பெயர். டேலிக்கு எக்ஸ்எம்எல் என்ற, மென்பொருள்கள் தமக்குள் தகவல் பரிமாறும் வடிவில் ஒரு வவுச்சரை (கணக்குப் பதிவை) அனுப்பினால், உள்ளே இருக்கும் சரக்கின் பெயரை அது எழுத்துக்கு எழுத்து தேடும். ஓர் எழுத்து வேறாக இருந்தாலும் அப்படி ஒரு சரக்கே இல்லை என்று வவுச்சரைத் தள்ளிவிடும். பத்து வருடமாக ஒரே டேலி கம்பெனியில் (டேலியில் ஒரு கடையின் கணக்கேட்டுக்கு அதுதான் பெயர்) எழுதி வரும் கடையில் ஒரே சரக்கு மூன்று பெயரில் இருப்பது சகஜம். பழைய ஆள் ஒரு மாதிரி எழுதியிருப்பார், புது ஆள் அதைத் தேடிப் பார்க்காமல் புதிதாக ஒன்றைத் திறந்திருப்பார். இணைப்புக்கு முன் இந்தப் பட்டியலைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். ஒவ்வொரு சரக்குக்கும் மாறாத ஒரு குறியீட்டு எண் கொடுத்து, டேலியில் அதை மாற்றுப்பெயராகவோ பார்ட் நம்பராகவோ ஏற்றி, இரண்டு மென்பொருளும் அந்த எண்ணை வைத்தே பேச வேண்டும். அப்புறம் பெயரை யார் எப்படி அழகுபடுத்தினாலும் கவலையில்லை.

எவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பது என்பது அடுத்த கேள்வி. ஆம்பூர்ப் பக்கம் ஷூ மொத்த வியாபாரம் செய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கணக்குக்கு ‘லெதர், ஆண்கள்’ என்று ஒரே சரக்குப் பெயர் போதும். விலை ஒன்று, வரி ஒன்று. குடோனுக்கு அது போதாது. 6 முதல் 11 வரை ஆறு சைஸ், இரண்டு நிறம் என்றால் பன்னிரண்டு பெயர். அந்தப் பன்னிரண்டையும் டேலியில் திறக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பது என் கருத்து. குடோன் மென்பொருள் பன்னிரண்டாக வைத்துக்கொள்ளட்டும், கணக்குக்கு அனுப்பும்போது கூட்டி ஒன்றாக அனுப்பட்டும். இதற்கு ஒரு பொருத்தப் பட்டியல் தேவை: குடோனின் இந்தப் பன்னிரண்டும் கணக்கின் அந்த ஒன்றுக்குச் சமம் என்று. ஆனால் விலை வேறுபட்டால் ஒரே பெயரில் கூட்டக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு ஜோடி 2,500 ரூபாய் வரையுள்ள காலணிக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் என்று ஜிஎஸ்டி மாறியிருக்கிறது. ஒரே மாடலில் பெரிய சைஸ் மட்டும் அந்தக் கோட்டைத் தாண்டினால் வரியும் வேறாகிவிடும். அன்றைக்கு வரி விகிதத்தைக் கணக்கு மென்பொருளில் மட்டும் வைத்திருந்தவர்கள் ஓர் இடத்தில் மாற்றினார்கள், வேலை முடிந்தது. குடோன் மென்பொருளிலும் விலைப் பட்டியலையும் வரியையும் ஏற்றி வைத்திருந்தால் இரண்டு இடத்திலும் மாற்றியிருக்க வேண்டும், ஒன்றில் மறந்தால் பில் தவறு.

அலகுகள் இன்னும் பெரிய தலைவலி. ஆற்காடு, கலவைப் பக்கத்து அரிசி ஆலையில் இருந்து வரும் மூட்டையைப் பாருங்கள். 25 கிலோ வரை பேக் செய்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. உடனே சந்தையில் 26 கிலோ மூட்டை முளைத்தது. குடோனில் இரண்டுமே ‘சிப்பம்’தான். ஏற்றி இறக்குபவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே பருமன். ‘சிப்பம் = 25 கிலோ’ என்று மென்பொருளில் ஒரு முறை எழுதிவிட்டு 26 கிலோ மூட்டையையும் அதிலேயே ஸ்கேன் செய்தால், நூறு மூட்டைக்கு நூறு கிலோ கணக்கில் காணாமல் போகும். அது போதாதென்று, வரி உள்ள சரக்கும் வரி இல்லாத சரக்கும் ஒன்றாகக் கலந்துவிடும். இவை இரண்டு தனிச் சரக்குகள், இரண்டு தனிக் குறியீடுகள். இதில் சமரசமே கூடாது.

குடியாத்தம் தீப்பெட்டியில் 600 பெட்டி கொண்டது ஒரு பண்டல். வாங்குவது பண்டலில், சில்லறைக்காரருக்குக் கொடுப்பது அதைப் பிரித்து. அங்கே மாற்று விகிதமாவது நிலையானது. தோலில் அதுவும் கிடையாது. பச்சைத்தோல் எண்ணிக்கையில் வரும், பதனிட்டு முடித்த தோல் சதுர அடியில் விற்கும். ஒரு தோல் எத்தனை சதுர அடி என்பது ஆட்டைப் பொறுத்தது. பரப்பளவு அளக்கும் இயந்திரத்தில் ஒவ்வொன்றாக விட்டுத்தான் தெரியும். ஆகவே தோலுக்கு இரண்டு அளவையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும்: இந்தக் கட்டில் இத்தனை தோல், மொத்தம் இத்தனை சதுர அடி. குடோன் மென்பொருள் ஒரு பதிவுக்கு ஓர் அளவை மட்டும்தான் அனுப்பும் என்றால், ராணிப்பேட்டையிலும் பேரணாம்பட்டிலும் அதை வாங்கிப் பயனில்லை. செயல்விளக்கம் காட்ட வருபவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். சோப்பும் பிஸ்கட்டும் வைத்துக் காட்டுகிற டெமோவில் எல்லாமே அழகாகத்தான் ஓடும்.

எது கணக்குக்குப் போக வேண்டும்

குடோனில் ஒரு நாளில் நடக்கும் அசைவுகளில் பாதிக்கு மேல் கணக்குக்குத் தேவையில்லாதவை. மூன்றாவது ரேக்கில் இருந்து ஐந்தாவது ரேக்குக்கு மாற்றியதை டேலிக்கு அனுப்பினால், ஆடிட்டர் பார்க்கும் பட்டியலில் குப்பை சேர்வதைத் தவிர ஒன்றும் நடக்காது. சரக்கின் உரிமையோ மதிப்போ வரியோ மாறினால் மட்டும் தகவல் எல்லை தாண்ட வேண்டும்.

கடைக்கு இரண்டு குடோன் இருந்து இரண்டும் வேலூரிலேயே என்றால், ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குப் போவது வெறும் இடமாற்றம். ஆனால் காட்பாடி தாண்டினால் கொஞ்ச நேரத்தில் ஆந்திர எல்லை வந்துவிடுகிறது. சித்தூரில் கிளை வைத்திருப்பவருக்கு அங்கே தனி ஜிஎஸ்டி எண். ஒரே முதலாளியாக இருந்தாலும் ஜிஎஸ்டி சட்டம் அவற்றை இரண்டு தனி நபர்களாகத்தான் பார்க்கும். சரக்கு போனால் வரி போட்ட பில்லோடு போக வேண்டும். குடோன் மென்பொருளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, அதற்கு இரண்டும் ‘டிரான்ஸ்ஃபர்’தான். இணைப்பு நிரல் போகுமிடத்தின் ஜிஎஸ்டி எண்ணைப் பார்த்து, ஒரே எண் என்றால் ஸ்டாக் ஜர்னல், வேறு எண் என்றால் விற்பனைப் பில் என்று பிரிக்க வேண்டும்.

சரக்கு உள்ளே வருவதைப் பார்ப்போம். லாரி வந்து இறக்கியதும் குடோன் மென்பொருள் எண்ணிக்கையை அனுப்பும். டேலியில் அது ரசீதுக் குறிப்பாக உட்காரும். இருப்பு கூடும், சப்ளையருக்கான பாக்கி இன்னும் ஏறாது. பில் தபாலிலோ வாட்ஸப்பிலோ வந்ததும் கணக்குப் பார்ப்பவர் பர்ச்சேஸ் போடுவார். இந்த இரண்டையும் கோர்ப்பது டேலியில் உள்ள ‘டிராக்கிங் நம்பர்’. அது சரியாக விழுந்தால் பர்ச்சேஸ் பில் மதிப்பையும் வரியையும் மட்டும் சேர்க்கும், இருப்பை மறுபடி கூட்டாது. விழாவிட்டால் ஒரே சரக்கு இரண்டு தடவை உள்ளே வந்ததாகக் கணக்கு காட்டும். விற்பனையிலும் இதே கதை: சரக்கு வெளியே போனதைக் காட்டும் டெலிவரி நோட் ஒரு தடவை கழிக்கும், டிராக்கிங் நம்பர் இல்லாத பில் இன்னொரு தடவை கழிக்கும். மைனஸில் நிற்கும் இருப்புகளைத் தோண்டிப் பார்த்தால் பல சமயம் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

பத்து பெட்டி வாங்கினால் ஒன்று இலவசம் என்ற திட்டத்தையும் மறக்கக் கூடாது. குடோனில் ஸ்கேன் ஆவது பதினொன்று, பில்லில் பணம் பத்துக்கு. டேலியில் உண்மையான அளவு, பில் அளவு என்று இரண்டு கட்டங்களைத் தனியாகத் திறந்துகொள்ளும் வசதி இருக்கிறது. இணைப்பு நிரல் இரண்டையும் நிரப்பத் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

பில் முன்னா, பேக்கிங் முன்னா

வெளியே போகும் சரக்கில்தான் நான் நீளமாக நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் பெரும்பாலான கடைகளில் இங்கே வரிசையே தலைகீழ். ஆர்டர் வந்ததும் முதலில் பில் போட்டுவிடுவார்கள். பில்லை எடுத்துக்கொண்டு பையன் குடோனுக்குப் போவான். பத்து கேட்டால் எட்டுதான் இருக்கும். திரும்பி வந்து சொல்வான், பில்லைத் திருத்துவார்கள். பழைய காலத்தில் இதில் பெரிய நஷ்டமில்லை, பேனாவால் அடித்து எழுதினால் போதும்.

இப்போது அப்படி இல்லை. 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வியாபாரிகள் மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு மின்னணு இன்வாய்ஸ் எடுத்தாக வேண்டும். அரசுத் தளத்தில் பதிந்த பில்லைத் திருத்த முடியாது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம், அதற்குப் பிறகு பில் தொகையைக் குறைத்துத் தனியாகக் கொடுக்கும் கிரெடிட் நோட்தான். வண்டியில் சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான ஈ-வே பில்லுக்கும் ரத்து செய்ய அதே 24 மணி நேரம்தான். தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஈ-வே பில் வேண்டும், மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாயிலேயே வேண்டும். நமக்கு மாநில எல்லை பக்கத்திலேயே இருப்பதால் இரண்டு வரம்பும் ஒரே நாளில் ஒரே கடையில் வேலைக்கு வரும்.

ஆகவே வரிசை இப்படி மாற வேண்டும்: ஆர்டர் கணக்கில் இருந்து குடோனுக்குப் போகும். குடோனில் எடுத்து, கட்டி, எண்ணி ஸ்கேன் செய்து, ‘இவ்வளவுதான் இருக்கிறது’ என்ற பதில் திரும்பி வரும். அந்தப் பதிலில் உள்ள அளவுக்குத்தான் பில், அதன் பிறகு மின்னணு இன்வாய்ஸ், அதன் பிறகு ஈ-வே பில், அப்புறம்தான் வண்டி. கேட்கச் சுலபம். நடைமுறையில் இதை எதிர்ப்பவர் பில் போடுபவர்தான், ‘பார்ட்டி முன்னால் நிற்கிறார், ஸ்கேன் வரும் வரை எப்படிக் காத்திருப்பது’ என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கவுன்ட்டரில் நேரில் வாங்கிப் போகும் விற்பனைக்கு முன்பக்கத்திலேயே தனியாகக் கொஞ்சம் சரக்கு வைத்து, அதைக் குடோன் மென்பொருளுக்கு ஓர் ‘இட’மாகக் காட்டி, அங்கே மட்டும் பழைய வரிசையை அனுமதிக்கலாம். லாரியில் போகும் எதற்கும் அந்தச் சலுகை கூடாது.

கம்பி எப்படி ஓடுகிறது

டேலிக்கு வெளியில் இருந்து தகவல் கொடுக்க நேர்வழி, அது திறந்து வைத்திருக்கும் எச்டிடிபி வாசல். வழக்கமாக 9000 என்ற போர்ட். இணைப்பு நிரல் அந்த வாசலில் எக்ஸ்எம்எல் அனுப்பும். டேலி பதில் தரும்: எத்தனை உருவாயிற்று, எத்தனை மாற்றப்பட்டது, எத்தனை பிழை. இதில் ஒரு நிபந்தனை உண்டு. அலுவலகக் கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், டேலி திறந்திருக்க வேண்டும், சரியான கம்பெனி உள்ளே ஏறியிருக்க வேண்டும். சாயங்காலம் கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் வாசல் மூடிவிடும். குடோன் மென்பொருள் கிளவுடில் இருப்பதால் அது நேராகக் கடைக் கணினிக்குள் நுழையவும் முடியாது. நடுவில் கடைக் கணினியிலேயே ஒரு சிறு நிரல் உட்கார்ந்து, கிளவுடில் சேர்ந்து கிடப்பதை அவ்வப்போது எடுத்து டேலிக்குக் கொடுக்கும். ஜோஹோ புக்ஸ் போன்ற இணையவழிக் கணக்கு மென்பொருளில் இந்தச் சிக்கல் இல்லை. இரண்டு பக்கமும் எந்நேரமும் விழித்திருக்கும், ஏபிஐ என்ற, மென்பொருளுக்கு மென்பொருள் பேசும் வழி மூலம் நேராகப் பேசிக்கொள்ளும். அங்கே வேறு கட்டுப்பாடு உண்டு: ஒரு நாளைக்கு இத்தனை அழைப்புகள்தான் என்ற வரம்பு. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஓர் அழைப்பு என்று எழுதப்பட்ட நிரல் மத்தியானத்துக்குள் அந்த வரம்பைத் தின்றுவிடும்.

தகரக் கூரை போட்ட குடோனுக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது. ஆகவே போன் தன்னிடமே பதிவுகளைச் சேர்த்து வைத்து, இணைப்பு வந்ததும் அனுப்ப வேண்டும். இங்கே ஒளிந்திருக்கும் ஆபத்து இரட்டைப் பதிவு. போன் அனுப்புகிறது, டேலி வாங்கிப் பதிந்துவிடுகிறது, ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில் திரும்புவதற்குள் கரண்ட் போய்விடுகிறது. போனுக்குப் பதில் வரவில்லை, அது மறுபடி அனுப்புகிறது. இப்போது டெலிவரி நோட் இரண்டு. இதைத் தடுக்க ஒவ்வொரு அசைவுக்கும் அது பிறந்த நொடியிலேயே மாறாத ஓர் அடையாள எண் கொடுத்து, வவுச்சரோடு அதையும் அனுப்ப வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் இணைப்பு நிரல் புதிதாக எழுதக் கூடாது. விற்பவர் இதைச் செய்திருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள நிரல் எழுதத் தெரிய வேண்டாம். பதிவு போய்க்கொண்டிருக்கும்போதே வைஃபையைப் பிடுங்கச் சொல்லி, திரும்பப் போட்டு, டேலியில் எத்தனை வவுச்சர் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். தெரிந்துவிடும்.

பிழையாகத் திரும்பிய பதிவுகள் ஒரு கூடையில் சேரும். அந்தக் கூடையைத் தினமும் திறந்து பார்க்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்காத கடையில், இணைப்பு இருந்தும் இல்லாததுதான். நிரல் தன் வேலையைச் செய்துவிட்டது, பிழை என்று சொல்லியும்விட்டது, கேட்க ஆளில்லை. மார்ச் மாதம் ஆடிட்டர் வந்து கேட்கும்போதுதான் ஜூலையில் திரும்பிய பதிவுகள் வெளியே வரும்.

தேதியும் பற்றாக்குறையும்

ஸ்கேன் செய்த நேரம் ஒன்று, அது டேலிக்கு வந்து சேர்ந்த நேரம் ஒன்று. வவுச்சரில் விழ வேண்டியது ஸ்கேன் செய்த தேதி. மார்ச் 31 இரவு எட்டு மணிக்கு இறங்கிய லாரி, மறுநாள் காலை கணினியைத் திறந்ததும் ஏப்ரல் 1 என்று பதிவானால், வருடக் கடைசி இருப்பில் அந்தச் சரக்கு இல்லை. இருப்பு மதிப்பு குறையும், லாபம் மாறும், வருமான வரியும் மாறும். பர்ச்சேஸ் தாமதமாகப் பதிவாகிற கடைகளில் இன்னொரு கோளாறும் உண்டு. சரக்கு வராததாகக் காட்டும்போதே விற்பனை பதிவாகி, இருப்பு மைனஸுக்குப் போய், சராசரி விலை தாறுமாறாகிவிடும். லாப சதவீதம் ஒரு மாதம் எக்கச்சக்கமாகவும் அடுத்த மாதம் பரிதாபமாகவும் தெரிகிறது என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

எண்ணிப் பார்க்கும்போது குறைகிற சரக்கு வேறு விஷயம். குடோன் மென்பொருளில் எண்ணி முடித்ததும் ‘திருத்து’ என்று ஒரு பட்டன் இருக்கும். அது தானாகவே கணக்கிலும் எழுதிவிடும்படி இணைக்கக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன். காணாமல் போன, திருடுபோன, கெட்டுப்போன சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை (வாங்கும்போது கட்டிய வரிக்கு எடுக்கும் கழிவை) வைத்துக்கொள்ள முடியாது என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு சொல்கிறது, அதைத் திருப்ப வேண்டும். ஆகவே ஒவ்வொரு குறைவும் ஒரு வரி முடிவு. அதை லோடு இறக்குகிற தம்பியின் கட்டைவிரல் எடுக்கக் கூடாது. குறைவு ஒரு கோரிக்கையாக வரட்டும், முதலாளியோ கணக்குப் பார்ப்பவரோ காரணம் எழுதி ஒப்புதல் கொடுத்த பிறகு பதிவாகட்டும். பதிவு செய்த கம்பெனியாக இருந்தால் 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும், அணைக்க முடியாத தடயப் பதிவு உள்ள கணக்கு மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். இணைப்பு நிரல் எல்லாவற்றையும் ‘அட்மின்’ என்ற ஒரே பெயரில் எழுதினால் அந்தத் தடயத்துக்கு அர்த்தமில்லை. நிரலுக்கு டேலியில் தனிப் பயனர் பெயர் கொடுத்து, ஸ்கேன் செய்தவர் பெயரை வவுச்சர் விளக்கத்தில் விழச் செய்ய வேண்டும்.

ஜாப் வொர்க் என்னும் தனி உலகம்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019இல் மூன்றாகப் பிரிந்தாலும், தோல் தொழிலுக்கு இது ஒரே வட்டாரம்தான். ஓரிடத்தில் வெட் ப்ளூ, இன்னோரிடத்தில் கிரஸ்ட், வேறோரிடத்தில் ஃபினிஷிங் என்று பதனிடும் கட்டம் கட்டமாக ஒரே தோல் மேல்விஷாரத்துக்கும் வாணியம்பாடிக்கும் பயணம் செய்யும். உரிமையாளர் மாறுவதில்லை, கூலிக்குத்தான் வேலை. குடோன் மென்பொருளின் பார்வையில் சரக்கு வெளியே போய்விட்டது. கணக்கின் பார்வையில் அது இன்னும் நம் இருப்பு. ‘வெளியே போவதெல்லாம் டெலிவரி நோட்’ என்று எழுதப்பட்ட இணைப்பு, இந்தத் தோலை விற்ற சரக்கு, பில் மட்டும் பாக்கி என்று காட்டிக்கொண்டே இருக்கும்.

ஆகவே ஒவ்வொரு ஜாப் வொர்க்காரரையும் இரண்டு மென்பொருளிலும் ஒரு குடோனாகத் திறந்து, போகும்போது மெட்டீரியல் அவுட், வரும்போது மெட்டீரியல் இன் என்று பதிய வேண்டும். சட்டப்படி அனுப்பிய உள்ளீட்டுச் சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்தாக வேண்டும், வராவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கொள்ளப்படும். ஜிஎஸ்டியின் ஐடிசி-04 படிவத்தில் சலான் (சரக்கோடு அனுப்பும் சீட்டு) வாரியாகக் கணக்கும் காட்ட வேண்டும். விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதற்குள் இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை. மாநிலம் தாண்டி ஜாப் வொர்க்குக்கு அனுப்பினால் மதிப்பு எவ்வளவாக இருந்தாலும் ஈ-வே பில் உண்டு. எண்ணூறு தோல் போய், நூறு நூறாக எட்டுத் தவணையில் வரும்போது, எந்தத் தோல் எந்தச் சலானில் போனது என்பதைக் கையால் எழுதித் தேடுவது பெரும்பாடு. ஸ்கேன் செய்த கட்டு எண் இங்கே கைகொடுக்கும். குடோன் மென்பொருள் போட்ட காசைத் திருப்பித் தருவது இந்த வட்டாரத்தில் இந்த ஒரு வேலையில்தான் என்றுகூடச் சொல்வேன்.

எப்போது தொடங்குவது

எல்லோரும் ஏப்ரல் 1 என்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வருடக் கணக்கு முடிக்கிற நெருக்கடியில் சரக்கு எண்ண ஆளும் கிடைக்காது, பிழைக் கூடையைப் பார்க்க நேரமும் கிடைக்காது. ஆடி மாதம் வியாபாரம் மந்தமாகிற கடைகளுக்கு அதுவே நல்ல நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை மூடி முழுதாக எண்ணி, அந்த எண்ணிக்கையை இரண்டு பக்கமும் ஏற்றி, திங்கள் காலை முதல் ஓட விடலாம். அப்போதும் எல்லாச் சரக்கையும் அல்ல. ஒரே ஒரு வகைச் சரக்கை மட்டும், உள்வரவை மட்டும் முதலில். போன் திரை தமிழில் இருக்கிறதா, எழுத்து பெரிதாக இருக்கிறதா என்பதும் சின்ன விஷயமல்ல. ஆம்பூரில் உருது மட்டும் பேசுகிற ஆளும் ஸ்கேனரைப் பிடிக்க வேண்டி வரும், அவருக்குப் படம் போட்ட பட்டன்தான் உதவும்.

ஒவ்வொரு இரவும் இரண்டு இருப்புப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் உள்ள வரிகளை மட்டும் காட்டும் அறிக்கை ஒன்று கட்டாயம் கேட்டு வாங்குங்கள். இதைச் செய்து தரத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. அப்புறம், இணைப்பு நின்றுபோகிற நாளும் வரும். டேலி புதிய பதிப்புக்கு மாறியிருக்கும், நிரல் எழுதியவர் போனை எடுக்க மாட்டார், வாசலில் லாரி நிற்கும். அன்றைக்குக் கையால் போடும் பில்லுக்கு முன்கூட்டியே தனி வரிசை எண் ஒதுக்கி வையுங்கள். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் 16 எழுத்துக்குள், அந்த நிதியாண்டில் திரும்ப வராததாக இருந்தால் போதும், ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ளத் தடையில்லை. நிரல் திரும்பி வந்ததும் அந்த வரிசையில் உள்ள பில்களை மட்டும் குடோன் பக்கம் ஏற்றினால் இருப்பு ஒத்துவரும்.